கிருமிக்குப் பத்தியம் கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

காசநோயாளிகளுக்கான ஊட்டச்சத்து உதவித்தொகை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2024 நவம்பரில் அது மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயானதை எழுதியிருந்தீர்கள். சரி. எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் அந்தப் பணம் கையில் இருந்தும் முட்டை வாங்கத் தயங்கும் வீடுகள் உண்டு. கஞ்சியும் ரசம் சோறும்தான் கொடுப்பார்கள். கேட்டால், "சத்தாச் சாப்பிட்டா கிருமியும்ல சேர்ந்து கொழுத்துரும்" என்பார்கள். படித்தவர்களும் இதில் சேர்த்தி.

கிருமி நம்மிடமிருந்துதான் தின்கிறது, அது உண்மை. ஆனால் நம் தட்டைப் பார்த்துக்கொண்டு அது காத்திருப்பதில்லை. காசநோய்க் கிருமி, தன்னை விழுங்க வந்த வெள்ளை அணுவுக்குள்ளேயே குடியேறி, அங்கிருக்கும் கொழுப்பையும் கொலஸ்டிராலையும் தின்று வாழ்கிறது. அப்புறம் அதற்கு இரும்பு வேண்டும். உடம்பு அதைச் சுலபத்தில் விடாது. ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இரும்பை இறுகப் பிடித்திருக்கிறது. தொற்று வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு வருவதையே குறைத்துவிடுகிறது. கிருமிகளும் லேசுப்பட்டவை அல்ல. சிடரோஃபோர் எனும் சிறு மூலக்கூறுகளை வெளியே அனுப்பி, அந்தப் பிடியிலிருந்தே இரும்பைப் பறிக்கின்றன. சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் இன்னும் முரடு. சிவப்பணுக்களை உடைத்து ஹீமோகுளோபினிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

ஆக, நோயாளி பட்டினி கிடந்தாலும் கிருமிக்கு உடம்பில் இருக்கும் சேமிப்பிலிருந்து பங்கு கிடைத்துக்கொண்டே இருக்கும். தளர்ந்துபோவது நோயாளியின் எதிர்ப்புச் சக்திதான். ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வில், நோயாளிகளின் வீட்டாருக்கு அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. தின்னக் கொடுத்ததால் நோய் பெருகவில்லையே!

இரும்பு டானிக் மட்டும் வேறு விஷயம். காய்ச்சல் நேரத்தில் மருத்துவரைக் கேட்காமல் நாமாக வாங்கிக் குடிக்க வேண்டாம். அதற்காக முருங்கைக்கீரையை ஒதுக்குவது வீண் பயம்.

தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனையிலும் ஊர் சுகாதார நிலையங்களிலும் மாத்திரை கொடுக்கும்போதே, நோயாளியுடன் வருகிறவரிடம் இதை இரண்டு வார்த்தை சொல்லலாம். வீட்டில் சமைப்பவர் அவர்தானே. நீங்களும் அடுத்த முறை அந்த 1,000 ரூபாய்க்கு முட்டை, கடலை, பருப்பு எவ்வளவு வாங்கலாம் என்று மதுரைச் சந்தை விலையோடு ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
உசிலம்பட்டி.