ஐயாவுக்கு, தம்பியின் பயணம் பற்றி

பாரிஸ்,
19.01.2003

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம், உங்கள் நலத்துக்கு நல்லூரானை வேண்டுகிறேன். நீங்கள் கார்த்திகையில் எழுதிய கடிதம் மார்கழி முதல் வாரமே கிடைத்துவிட்டது. வேலையைக் காரணம் காட்டினால் ஐயா நம்பமாட்டீர்கள். தம்பியை ஏஜென்சிக்காரர் மூலம் வெளிநாடு அனுப்பலாமா என்று நீங்கள் கேட்டதற்கு என்ன எழுதுவதென்று தெரியாமலேயே இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தேன்.

அங்கே யாருடன்தான் பேசுகிறாய் என்று அம்மா கேட்டிருந்தீர்கள். எதிர்க்கதவுக் கிழவியுடன் பேசுகிறேன். தண்ணீர் உறையும் குளிரிலும் யன்னலைத் திறந்துவைத்து, வெங்காய சூப்பில் காய்ந்த பாணை ஊறப்போட்டு, அதன்மேல் மணம் தாங்க முடியாத சீஸை உருக்கி எனக்கும் ஒரு கோப்பை நீட்டுவார். இளவயதில் ஒரு படமாளிகையில் ரிக்கற் கிழித்தவராம். ஞாயிறு பின்னேரங்களில் பழைய படக் கசற்றைப் போட்டு, இடையில் நிறுத்தி, நடிகர் சொன்னதை என்னைத் திருப்பிச் சொல்லவைப்பார். என் பிரெஞ்சு அப்படித்தான் வளர்கிறது.

அவருக்குப் பிடித்த நடிகர் மார்செல் டாலியோ. கட்டையான உருவம், பெரிய கண்கள். பெரும்பாலும் கதாநாயகருக்குப் பக்கத்தில் நிற்கும் வேடங்கள். நம் ஊர்க் காத்தவராயன் கூத்தில் சின்னான் வந்ததும் சனம் நிமிர்ந்து உட்காருமே, அந்த மாதிரி. ருமேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் 1899இல் இந்தப் பாரிஸிலேயே பிறந்தவர். 1937இல் ழான் ரெனுவார் எடுத்த 'லா கிராந்த் இல்லூசியோன்' படத்தில் ஜெர்மன்காரரிடம் பிடிபட்ட போர்க்கைதியாக வருகிறார். வீட்டிலிருந்து தமக்கு வரும் உணவுப் பார்சல்களைப் பிரித்து, டின்களை மேசையில் அடுக்கி, கூட இருக்கும் கைதிகளுக்கெல்லாம் பங்கிடுகிறார். கிழவி அந்த இடத்தில் படத்தை நிறுத்திச் சாப்பாட்டுப் பெயர்களைச் சொல்லச் சொன்னார். எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. அன்றிரவு, பெரியக்காவிடம் அம்மா கொடுத்துவிட்ட பனம்பழப் பனாட்டின் கடைசித் துண்டை எடுத்து, தின்ன மனமில்லாமல் மணந்து பார்த்துவிட்டு, திரும்பவும் ஓலையில் சுற்றி வைத்தேன். இதை எழுதியிருக்கக்கூடாது, அம்மா அழுவீர்கள்.

இரண்டு வருடம் கழித்து, அதே ரெனுவாரின் 'லா ரெக்ள் து ழூ' படத்தில் டாலியோ ஒரு பிரபு. விருந்தினர் முன் தமது புதிய இசை இயந்திரத்தின் திரையை விலக்கிவிட்டு, பெருமையும் கூச்சமும் ஒன்றாக முகத்தில் தெரிய அவர் நிற்கும் சில விநாடிகளை நான் நாலு தரம் பார்த்துவிட்டேன். அந்தப் பிரபுவின் குசினியில் வேலையாட்கள் சாப்பிட்டுக்கொண்டே அவருடைய யூதப் பூர்வீகத்தைக் கதைக்கிறார்கள். குசினிக்குள் என்ன கதைப்பார்கள் என்பது இப்போது எனக்கும் தெரியும்.

1940 ஆனியில் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது, பிரபுவாக நடித்த டாலியோ இளம் மனைவியான நடிகை மட்லேன் லெபோவுடன் போர்த்துக்கலின் லிஸ்பனுக்கு ஓடினார். அங்கே சிலி நாட்டுக்கு வீசா பெற்றுக் கப்பலேறினார்கள். மெக்சிக்கோவில் அந்த வீசா போலியென்று தெரியவந்து, இருவரும் நடுவழியில் அகப்பட்டுக்கொண்டார்கள். பிறகு கனடாவின் தற்காலிகக் கடவுச்சீட்டு கிடைத்து ஹொலிவூட் போய்ச் சேர்ந்தார்கள். இங்கேயோ ஜெர்மன்காரர், யூதன் இப்படித்தான் இருப்பான் என்று டாலியோவின் முகத்தையே சுவரொட்டியில் அடித்து ஒட்டினார்கள். அமெரிக்காவில் அவருக்குக் கிடைத்தவை சின்னச் சின்ன வேடங்கள். 1942இல் எடுத்த 'காசபிளாங்கா'வில் சூதாட்ட மேசைக்காரராக வந்து, பொலிஸ் அதிகாரி வென்ற பணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். படத்தின் பெயர்ப்பட்டியலில் டாலியோவின் பெயர் இல்லை. போர் முடிந்து திரும்பியபோது பெற்றோரும் இல்லை, வதைமுகாமில் இறந்துவிட்டிருந்தார்கள். 1973இல், லூயி து ஃபுனேஸின் நகைச்சுவைப் படமொன்றில், அமெரிக்காவிலிருந்து பாரிஸ் வந்திறங்கும் ரப்பி யாக்கோப் என்ற கிழட்டு யூத மதகுருவாக நடித்தார். பத்து வருடம் கழித்து இதே நகரில் காலமானார்.

ஐயா, இதையெல்லாம் எழுதுவது தம்பிக்காகத்தான். பெயர் பெற்ற மனிதருக்கே போலி வீசா அப்படிச் செய்தது. நான் வந்த வழியை நான் உங்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. என் வேலைக்கு ஒரு குறையுமில்லை. கை எந்நேரமும் சுடுதண்ணீருக்குள் இருப்பதால் குளிர்கூடத் தெரிவதில்லை.

ஏஜென்சிக்காரர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும், கிணற்றடி வளவின் உறுதியை ஈடு வைக்கக் கையெழுத்துப் போடவேண்டாம். முற்பணம் கொடுத்திருந்தால், சின்னமாமாவைக் கூட்டிக்கொண்டுபோய் இந்தக் கிழமையே திருப்பிக் கேளுங்கள். தம்பி முதலில் சோதனையை எழுதி முடிக்கட்டும். தங்கச்சியின் கல்யாணக் காரியத்துக்கு, கழிவு கூடப் போனாலும் பரவாயில்லை, மாசிச் சீட்டை நானே எடுத்து உண்டியலில் அனுப்புகிறேன்; பணம் வந்தால் சின்னமாமா கடைக்குச் சொல்லி அனுப்புவார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் சித்திரை வரை தவணை கேளுங்கள். கோடிப்பக்க வேலியை மழைக்கு முன்னர் அடைத்துவிடுங்கள். பக்கத்து வளவுக்காரர் ஒரு கதியால் தள்ளி நட்டுவிட்டதாகப் பெரியக்கா சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்