செயலாளரின் ஆண்டறிக்கை: சுருட்டுக்கு நாம் இட்ட புள்ளிகள்

தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, வணக்கம்.

எமது சுருட்டுச் சுவைப்பு வட்டத்தின் கூட்டங்கள் இவ்வாண்டும் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில், முற்றத்து மாமரத்தடியில் நடைபெற்றன. கட்டடத்துக்குள் எவரும் புகைக்கவில்லை. 21 வயது நிரம்பாத எவரும் இருக்கையில் அமரவில்லை. புகையிலை விளம்பரத்தையும் அனுசரணையையும் இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. ஆகவே வியாபாரி ஒருவர் தர முன்வந்த பரிசைச் செயற்குழு மறுத்துவிட்டது. மிகச் சரியான முடிவு. கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

ஆண்டின் பெரிய நிகழ்வு ஹவானாச் சுருட்டின் சுவைப்பு. உறுப்பினர் ஒருவரின் மைத்துனர் ரொறன்ரோவிலிருந்து மொன்டெகிறிஸ்டோ என்ற கியூபாச் சுருட்டின் 4ஆம் இலக்கப் பெட்டியொன்றைக் கொண்டுவந்தார். 129 மில்லிமீற்றர் நீளம், 42 வளைய அளவு. அதாவது விட்டம் ஓர் அங்குலத்தின் 64இல் 42 பங்கு. எமது வெக்கையில் புகையிலை வண்டின் முட்டை பொரித்துவிடும் என்பதால், காற்றுப் புகாத பையில் கட்டிச் சில நாட்கள் உறைய வைத்து, மெல்ல மெல்ல அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, பின்னரே 65 முதல் 70 வீத ஈரப்பதனில் வைத்தோம். இந்தப் பொறுமைக்கு உரிய பலன் கிடைத்தது. சுருட்டு கோணாமல் எரிந்தது, சாம்பல் உறுதியாக நின்றது. முதற் பாகத்தில் கோப்பியும் தேவதாரு மரமும், நடுவில் கொக்கோ, கடைசிப் பாகத்தில் மிளகுக் காரம். மெதுவாக இழுத்தவர்களுக்கு அதன் இனிமை கடைசிவரை கசக்கவில்லை. அவசரப்பட்டவர்கள் சூட்டையே சுவைத்தார்கள்.

எமது புள்ளித் தாளில் தோற்றத்துக்கு 15, இழுவைக்கும் எரிவுக்கும் 25, சுவைக்கு 40, நாவில் தங்கும் சுவைக்கு 20 புள்ளிகள். அதே தாளை வைத்து அடுத்த மாதம் எமது ஊர்ச் சுருட்டுக்குப் புள்ளி போட்டபோதுதான் சண்டை மூண்டது. மேலிலை முரடு என்று தோற்றத்தில் வெட்டினார்கள். இலைக்குத் தடவக் காய்ச்சும் சாறான கோடாவின் இனிப்பைக் கலப்படம் என்று சுவையில் வெட்டினார்கள். இது நியாயமல்ல என்பதை இச்சபையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கியூபாச் சுருட்டு காற்றில் உலர்ந்து, நொதித்து, இலையின் சுவையை மட்டும் பேசுகிறது. எமது சுருட்டில் தோட்டக்காரரின் கை, இலையைப் பதப்படுத்திப் பாடம் போடுபவரின் கை, கோடா காய்ச்சுபவரின் கை எல்லாம் சேர்ந்திருக்கின்றன. செம்பாட்டு மண்ணில் விளைந்த இலையைப் புகையூட்டிப் பதப்படுத்துவது குறையல்ல, அதுவே அதன் குணம். கொக்குவிலில் நெடுங்காலம் சுருட்டுச் சுற்றிய எமது மூத்த உறுப்பினர், "இடையில் அணையாமல் எரிகிறதா, உதட்டில் கோடா கசக்கிறதா, அதைப் பாருங்கள் தம்பிமாரே" என்றார். அவர் சொன்னதைத் தழுவி, ஊர்ச் சுருட்டுக்குத் தனித் தாள் வரைந்திருக்கிறோம். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது இனி எமது வழக்கமாகாது.

இவ்விரு சுருட்டுகளுக்கும் இடையிலான உறவொன்றையும் குறிப்பிட வேண்டும். 1865இல் ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலையில், சுற்றுபவர்களுக்காக ஒருவர் பத்திரிகையும் கதையும் வாசிக்கும் வழக்கம் தொடங்கியது. மொன்டெகிறிஸ்டோ என்ற பெயரே அப்படி வாசிக்கக் கேட்டுத் தொழிலாளர் விரும்பிய நாவலொன்றிலிருந்து வந்தது. எமது சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் சுருட்டியபடி உலகச் செய்தி கேட்டார்கள். அந்த வாசிப்பைக் கேட்டு வளர்ந்த சிலர் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் பணியை வரும் ஆண்டு முதலில் தொடங்க வேண்டும் என்பது எனது வேண்டுகோள். தாமதித்தால் இழந்துவிடுவோம்.

புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோயின் ஆபத்து நீங்காது. ஆகவே ஒரு கூட்டத்துக்கு ஒரு சுருட்டுக்கு மேல் இல்லை என்ற விதியையும், புதிய தாளையும் தீர்மானங்களாக முன்வைக்கிறேன். சபை இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்