துணை நடிகரின் வேலையையும் எழுதுங்கள்: டெல்லி கணேஷை முன்வைத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடிகர் டெல்லி கணேஷ் 2024 நவம்பர் 9 அன்று இரவு, சென்னை ராமாபுரத்தில் தமது இல்லத்தில் காலமானார். வயது 80. அப்போது வந்த அஞ்சலிக் குறிப்புகளும், அதன்பின் சினிமா பக்கங்களில் அவரைப் பற்றி வருகிற துணுக்குகளும் ஏறக்குறைய ஒரே வார்ப்பில்தான் இருக்கின்றன: 400-க்கும் மேற்பட்ட படங்கள், அப்பா வேடம், நகைச்சுவை, கமல்ஹாசன் படங்களில் தவறாமல் இடம். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அத்தனை படங்களில் அவர் செய்த வேலை என்ன, அதில் எங்கே சிரமம் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படப்பிடிப்பிலும் டப்பிங்கிலும் எடிட்டிங்கிலும் தொழில் செய்கிறவர்கள் என்ற முறையில் இந்தக் குறை எங்களை உறுத்துகிறது.

நெல்லைச் சீமைக்காரரான அவர் 1964 முதல் 1974 வரை இந்திய விமானப் படையில் இருந்தார். தலைநகர் டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடைகளில் நடித்துப் பழகி, சென்னைக்கு வந்து, விசுவின் நாடகத்தை கே. பாலசந்தர் ‘பட்டினப் பிரவேசம்’ (1977) என்று படமாக்கியபோது திரைக்குள் நுழைந்தார். ‘டெல்லி’ என்ற அடைமொழியைத் தந்ததும் பாலசந்தர்தான்.

நாடகத்திலிருந்து வருகிறவர்களுக்கு மனப்பாடமும் குரலும் கைவசம் இருக்கும். தடுக்கிவிழும் இடம் வேறு. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை, இரண்டடி தூரத்தில் மைக் இருக்கும்போதும் அதே அளவில் பேசும். கைத்தட்டலுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசிய பழக்கம் திரையில் வெற்று இடைவெளியாகத் தெரியும். குளோசப்பில் ஒரு தடவை அநாவசியமாகக் கண் இமைத்தால்கூட வசனத்தின் அழுத்தம் போய்விடும். இதையெல்லாம் உதறுவதற்குப் பல நடிகர்களுக்குப் பத்துப் படம் ஆகிறது. டெல்லி கணேஷ் அறிமுகமான இரண்டே ஆண்டுகளில் ‘பசி’யில் நடித்ததைப் பார்த்தால், அவருக்கு அவ்வளவு காலம் தேவைப்படவில்லை என்று தெரிகிறது.

அது பிலிம் காலம் என்பதையும் மறக்கக் கூடாது. 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். கேமராவில் மாட்டும் 400 அடி பிலிம் பெட்டி (மேகஸின்) நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். நாற்பது விநாடி ஷாட்டின் கடைசி வரியில் ஒருவர் தடுமாறினால் 60 அடி நெகட்டிவ் குப்பைக்குப் போகும். பெரிய நடிகர் ‘ஒன் மோர்’ கேட்கலாம். துணை நடிகர் கேட்டால் அடுத்த படத்துக்குக் கூப்பிட யோசிப்பார்கள். அதோடு, கதாநாயகனின் கால்ஷீட் முடிவதற்குள் அவருடைய குளோசப்களை எடுத்துவிட்டு, துணை நடிகரின் ரியாக்‌ஷனைக் கடைசியில் எடுப்பது வழக்கம். எதிரே நாயகன் இருக்க மாட்டார். உதவி இயக்குநர் ஒருவர் தாளைப் பார்த்து வசனத்தை ஒப்பிப்பார். லைட் ஸ்டாண்டில் ஒட்டிய டேப்பைப் பார்த்து, அங்கே நாயகனின் கண் இருப்பதாக நினைத்து நடிக்க வேண்டும். பார்வை ஒரு சாண் தள்ளிப்போனாலும் ‘லுக்’ தப்பு. எடிட்டிங் மேஜையில் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்க்காது.

கையில் காபி டம்ளர் இருந்தால் இன்னொரு தொல்லை. காட்சி முழுவதையும் அகலமாக எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் எந்த வார்த்தையில் டம்ளரைத் தூக்கினாரோ, எதிரே இருப்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் சஜஷன் ஷாட்டிலும் குளோசப்பிலும் அதே வார்த்தையில், அதே கையால், அதே உயரத்துக்குத் தூக்க வேண்டும். உள்ளே மீதமிருக்கும் காபியும் அதே அளவு இருக்க வேண்டும். இது தப்பினால் எடிட்டர் முதலில் பலி கொடுப்பது துணை நடிகரின் குளோசப்பைத்தான். ஒரு நல்ல முகபாவம் படத்தில் இல்லாமல் போவதற்கு நடிப்பு காரணமாக இருப்பதைவிட டம்ளர் காரணமாக இருப்பதே அதிகம்.

‘பசி’ (1979) பற்றி அஞ்சலிகளில் ஒரு சொல்லோடு கடந்துவிட்டார்கள். துரை இயக்கிய அந்தப் படத்தில் சென்னைக் குடிசைப் பகுதியில் சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிற முனியாண்டி அவர். குப்பை பொறுக்கும் பெண்ணாக ஷோபா. ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது, படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது. டெல்லி கணேஷுக்கு மாநில அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. ‘அவருக்குத் தேசிய விருது தரவில்லையே’ என்று ஆதங்கப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: துணை நடிகர் என்ற பிரிவே தேசிய விருதுகளில் 1984-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்குகிறது. 1979-ல் அவருக்குக் கொடுப்பதற்கு அப்படியொரு விருதே இல்லை. அவர் செய்த வேலையை ஒரு தனி வேலையாக அரசே அப்போது எண்ணவில்லை.

‘சிந்து பைரவி’யின் (1985) மிருதங்க வித்வான் குருமூர்த்தியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வாத்தியக்காரராக நடிப்பது மற்ற வேடங்களைப் போல அல்ல. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் ரவைப் பசை அப்பியிருப்பார்கள். அது காய்ந்தால் நாதம் கெடும் என்பதால் இடையிடையே தண்ணீர் தொட்டுவைப்பார்கள். வலந்தலையின், அதாவது வலப்பக்க முகத்தின் விளிம்பில் கல்லும் கட்டையும் வைத்து மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். இந்தச் சின்னக் காரியங்களில் கை தயங்கினால் அவர் வித்வான் இல்லை என்பது சபாவில் உட்கார்ந்து பழகிய எவருக்கும் உடனே தெரியும். பாட்டு முன்னதாகவே பதிவாகியிருக்கும். தளத்தில் அதை ஓடவிட்டு, அதில் பதிவாகியிருக்கும் மிருதங்கச் சொற்கட்டுக்கு ஏற்பக் கை விழ வேண்டும். ‘தோம்’ என்று கேட்கிற இடத்தில் இடக்கை அந்தரத்தில் இருந்தால் போச்சு. இரண்டு பிரேம், அதாவது ஒரு விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு விலகினால் போதும், கர்நாடக சங்கீதம் கேட்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். அவர் நடித்ததோ கச்சேரியே களமான படம், பார்க்க வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தாளம் தெரியும்.

ஆனால் அந்த வேடத்தின் உயிர் அவர் வாசிக்கும் இடத்தில் இல்லை. வாசிக்க விடாமல் தடுக்கப்படும் இடத்தில் இருக்கிறது. மது வாடையோடு வந்த குருமூர்த்தியை, கதாநாயகனான பாடகர் ஜே.கே.பி. மேடையில் சேர்க்க மறுத்து, மிருதங்கம் இல்லாமலே பாடுகிறார். வாழ்நாளெல்லாம் தோலைத் தட்டிய ஒருவரிடமிருந்து வாத்தியத்தை விலக்கிவிட்டால் அவர் கைகளை என்ன செய்வார்? எந்த வசனகர்த்தாவும் எழுதித் தராத பகுதி இது. படத்தை மறுபடி பார்க்கிறவர்கள் அந்தப் பகுதியில் முகத்தோடு கைகளையும் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அவர் நடித்தவற்றில் உச்சம் எது என்று எங்களைக் கேட்டால், ‘நாயகன்’ (1987) ஐயரையும் தாண்டி இதைத்தான் சொல்வோம். இந்தி தெரியாத கதாநாயகன் வேலு நாயக்கருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் அந்த ஐயருக்கு ஒரே வரியை இரண்டு மொழியில், இரண்டு விதமான பயத்தோடு சொல்லும் வேலை இருந்தது. அதுவும் எளிதல்ல.

வட்டார வழக்கைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. பேச்சில் நெல்லை வாடை உள்ளவர் ‘பசி’யில் சென்னைக் குடிசை வழக்கு பேசினார். ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் பாலக்காட்டு மணி ஐயராக மலையாளம் கலந்த தமிழ் பேசினார். பாலக்காட்டுத் தமிழ் என்றால் வரிக்கு வரி ‘ஆக்கும்’ சேர்த்தால் போதும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வழக்கின் அடையாளம் வாக்கியத்தின் வால் மேலே ஏறுகிற இழுப்பில் இருக்கிறது. சொல்லைப் போட்டுவிட்டு இழுப்பை விட்டால் கேலி செய்வதுபோல் இருக்கும். இழுப்பை மட்டும் மிகைப்படுத்தினால் கிரேஸி மோகன் எழுதிய வசனத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடுகிற கல்யாணக் காட்சியில் சிரிப்பு வருவதற்குக் காரணம், அங்கே மணி ஐயர் கொஞ்சமும் சிரிக்கவைக்க முயலாததுதான். ஒரு சமையற்காரருக்கு அது மானமும் பிழைப்பும் ஒரே நேரத்தில் போகிற காரியம். அவர் அந்தப் பயத்தை மட்டும் நடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் வில்லன் பிரான்சிஸ் அன்பரசுவாக நடித்தவரும் இவரே என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ‘நகைச்சுவை நடிகர்’ என்ற முத்திரை எவ்வளவு குறுகலானது என்று புரியும்.

பத்திரிகைகள் அறவே விட்டுவிட்டது அவருடைய டப்பிங் வேலை. பாலசந்தரின் ‘47 நாட்கள்’ (1981) படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவர் டெல்லி கணேஷ். அக்காலத்தில் லூப் முறை: படச்சுருளில் ஒரு துண்டை வெட்டி, முனைகளை ஒட்டி வளையமாக்கி, திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். முதலில் உதட்டைப் பார்க்க வேண்டும், பிறகு மூச்சு எங்கே வாங்குகிறார் என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் பேச வேண்டும். ‘ப’வும் ‘ம’வும் உதடு மூடுகிற எழுத்துகள், திரையில் உதடு திறந்திருக்கும்போது அவை விழுந்தால் எவருக்கும் தெரிந்துவிடும். அவசரமாக ஒரு சொல்லை மாற்றிப் போடவும் தெரிந்திருக்க வேண்டும், அந்த மாற்றுச் சொல் உதட்டுக்கும் பொருந்த வேண்டும், அர்த்தத்துக்கும் பொருந்த வேண்டும். இதையெல்லாம் தம்மைவிட 11 வயது இளைய நடிகருக்காக, குரலில் வயது தெரியாமல் செய்தார். சிரஞ்சீவி நடித்த அந்தக் கணவன் இனிக்க இனிக்கப் பேசி ஏமாற்றுகிறவன், சாயம் வெளுத்தபின் கொடுமைக்காரன். நடிப்பில் பாதி குரலில் இருக்கிறது. படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பாதிக்கு உரியவரை ஏன் விட்டுவிட வேண்டும்?

தொலைக்காட்சியில் சன் டிவியின் ‘கஸ்தூரி’, ‘செல்லமே’ போன்ற தொடர்களில் நடித்தார். தொடர்களில் வசனம் பெரும்பாலும் அன்றன்று தளத்துக்கு வரும்; கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் வரியை எடுத்துக்கொடுப்பார் (பிராம்ப்ட் செய்வார்). காதில் விழுந்ததை அரை விநாடி கழித்துச் சொல்லும்போது வாக்கியத்தின் பொருளை விட்டுவிட்டு ஓசையைப் பிடித்துக்கொண்டு போவது பலருக்கும் நேர்கிற கோளாறு. கண் வேறு பிராம்ப்டர் பக்கம் ஓடும். மேடையில் வளர்ந்தவர்கள் வரியை முழுசாகக் கேட்டு, ஒரு மூச்சு விட்டு, தம் வார்த்தையாக்கிச் சொல்வார்கள். அந்த ஒரு மூச்சை யோசிக்கும் முகமாக மாற்றுவார்கள். எங்கள் கருத்தைச் சொன்னால், தொடர்கள் அவருடைய திறமையை முழுசாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. சோபாவில் உட்காரவைத்து, மற்றவர்கள் அழும்போது அவர் முகத்தை மூன்று தடவை காட்டுவதற்கு அவ்வளவு பெரிய நடிகர் தேவையில்லை.

இனி உங்கள் நாளிதழிடம் நாங்கள் கேட்பது. துணை நடிகர்களைப் பற்றி எழுதும்போது படத்தின் பெயரோடு வேடத்தின் பெயரையும், அந்த வேடத்தின் தொழிலையும், பேசிய வழக்கையும் குறிப்பிடுங்கள். குரல் யாருடையது என்று விசாரித்து எழுதுங்கள். வெளியான ஆண்டைச் சரிபாருங்கள்: ‘பட்டினப் பிரவேச’த்தை 1976 என்று எழுதுவது அடிக்கடி கண்ணில் படுகிறது. பழைய படங்களை இணையத்தில் ஏற்றுகிறவர்களும் ஒளிபரப்புகிறவர்களும் டைட்டிலை வெட்டிவிடுவதால், துணை நடிகர்களின் பெயர்கள் எழுத்தில் இருக்கும் ஒரே இடமும் போய்க்கொண்டிருக்கிறது. இதைப் பற்றி ஒரு தலையங்கம் எழுதலாம்.

இன்னும் முக்கியமாக, எண்பதுகளில் நடித்த துணை நடிகர்கள் பலர் நம்மோடு இருக்கிறார்கள். பேட்டி எடுக்கப் போகிறவர்கள் ‘பெரிய நடிகர்களோடு நடித்த அனுபவம் எப்படி’ என்று கேட்பதை விட்டு, லுக்கை எப்படி நினைவில் வைத்தீர்கள், எந்த வழக்கை யாரிடம் கேட்டுப் பழகினீர்கள், யாருக்கெல்லாம் குரல் கொடுத்தீர்கள் என்று கேட்கட்டும். அப்படி ஒரு வரிசையை ஞாயிறு இணைப்பில் தொடங்குவதானால், டைட்டில் கார்டுகளைப் பார்த்துப் பெயர்களையும் ஆண்டுகளையும் சரிபார்த்துத் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
திரைத் தொழிலாளர் வாசகர்கள் சிலர்,
வடபழனி, சென்னை-26