1996 பரோலோவை விற்க வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நம் கட்டடத்துக் கந்தீனாவில், அதுதான் நிலவறையில், கிடக்கிற இந்த இத்தாலியச் சிவப்பு வைன், பரோலோ, இணையத்தில் போத்தல் என்ன விலைக்குப் போகிறது என்று சிவப்பு வட்டம் போட்டிருக்கிறாய். கீழே, "அம்மா, ஆறையும் கொடுத்தால் ஒரு விடுமுறைக்குப் போய் வரலாம்" என்று ஒரு வரி. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். தொலைபேசியில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் காசுக் கதையை முடித்துவிடுவோம். நீ பார்த்தது கடைக்காரர் கேட்கிற விலை. அவர் நம்மிடம் வாங்கினால் தருகிற விலை வேறு. பழைய வைன் வாங்குகிறவர்கள் லேபிளைப் பார்ப்பதற்கு முன்னமே, இத்தனை வருடமும் இது எங்கே கிடந்தது, பற்றுச்சீட்டு இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் பிழையும் இல்லை. 2020இல் தொஸ்கானாவின் சசிக்காயா என்கிற விலையுயர்ந்த வைனுக்குப் போலிப் போத்தல், போலி லேபிள், போலி மரப்பெட்டி என்று எல்லாம் செய்து விற்ற ஒரு கூட்டத்தை ஃபிளோரன்ஸ் நிதிப் பொலிசார் பிடித்தார்கள். நம்மிடம் பற்றுச்சீட்டே இல்லை. கட்டட நிலவறையில் ஒரு தமிழ் அம்மா பார்த்துக்கொண்ட வைன் என்று சொன்னால் எந்த ஏலக்காரர் நம்புவார்? அரை விலைதான் கிடைக்கும். அந்த அரை விலைக்கு அதை நாமே குடிக்கலாம்.

அது எப்படி நம்மிடம் வந்தது என்று உனக்குச் சரியாகத் தெரியாது. நீ பிறந்தது 1996 ஒக்டோபரில். பரோலோ விளைகிற லாங்கே மலைகளில் அதற்கான நெப்பியோலோ திராட்சையைப் பறிக்கிற மாதம் அது. அந்தப் பழத்தில் செய்த பரோலோ 2000ஆம் ஆண்டில்தான் கடைக்கு வந்தது. பரோலோவைச் செய்தவுடன் விற்க முடியாது. இன்றைய சட்டப்படி, அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் 38 மாதம் வைத்திருக்க வேண்டும், அதில் 18 மாதமாவது மரப் பீப்பாயில். இன்னும் நீளமாக முதிரவைத்தது என்று காட்ட லேபிளில் ரிசேர்வா என்று எழுத வேண்டுமென்றால் 62 மாதம். நான் அப்போது உணவகத்தில் பாத்திரம் கழுவுவதிலிருந்து மேசைக்கு வந்துவிட்டேன். முதலாளி தான் வாங்கிய விலைக்கே ஒரு பெட்டி எனக்கு ஒதுக்கி, சம்பளத்தில் மாதா மாதம் கழித்துக்கொண்டார். லீராக் காலம். "பிள்ளை பிறந்த ஆண்டு வைன், கெட்ட ஆண்டாக இருந்தாலும் வாங்கத்தான் வேண்டும். உன் அதிர்ஷ்டம், இது நல்ல ஆண்டு" என்றார். அப்பாவுக்கு அது வீண் செலவாகப் பட்டது. அந்தக் காசில் ஊருக்கு ஒரு முறை நீளமாகத் தொலைபேசியில் கதைத்திருக்கலாம் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலாளி சொன்னது சரிதான். 1996 பெரிதாகக் கொதிக்காத ஆண்டு. பழம் மெதுவாகப் பழுத்தது, புளிப்பும் துவர்ப்பும் இரண்டுமே தூக்கலாக வந்தன. அடுத்த வருடம், 1997, நல்ல சூடு. அந்த வைன் பிறந்தபோதே இனிமையாக இருந்ததால் ஆட்கள் அதற்குப் பின்னால் ஓடினார்கள், 96ஐக் கடுமை என்றார்கள். உணவகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பார்த்திருக்கிறேன். வருடம் போகப் போக 97 சீக்கிரம் களைத்துவிட்டது, 96 நிமிர்ந்து நின்றது. எல்லாத் தோட்டத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். என் வாய்க்குத் தெரிந்தது இது.

நம் பெட்டி செர்ராலுங்கா ஊரில் ஒரு சின்னக் குடும்பம் செய்தது. பரோலோ செய்ய உரிமை உள்ள ஊர்கள் பதினொன்று. மேற்கே லா மோர்ராவும் பரோலோ ஊரும் இருக்கிற பக்கத்து மண் நீலச் சாம்பல் களி, வயதில் இளையது. அங்கே வருகிற வைன் வாசனையோடு சீக்கிரம் இளகும். கிழக்கே செர்ராலுங்கா, மொன்ஃபோர்த்தே பக்கம் மண் பழையது, இறுக்கமானது, சுண்ணாம்பும் மணற்கல்லும் கலந்தது. அங்கே விளைகிற பரோலோ இளமையில் வாயைக் கட்டிப்போடும். நீ பத்து வயதாக இருந்தபோது ஒரு போத்தலைத் திறந்தோம். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "இதற்கா சம்பளத்தைக் கொடுத்தாய்?" என்றார். உண்மையிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. உன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு அன்று திறந்தது நினைவிருக்கும். நீ இரண்டாவது கிளாஸ் கேட்டாய். இடையில் நடந்தது இதுதான்: துவர்ப்பைத் தருகிற டானின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, நிறத்தையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, மண்டியாக அடியில் இறங்கிவிடுகின்றன. மேலே மிஞ்சுகிற வைன் வெளிறியும் மிருதுவாகவும் இருக்கும். நெப்பியோலோவுக்கு முதலிலிருந்தே நிறம் குறைவு. கிளாஸைச் சாய்த்தால் ஓரம் செங்கல் நிறமாகத் தெரியும். அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதே.

இனி, சூரிச்சுக்கு எடுத்துப்போய் உன் வீட்டில் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஆறையும் எடுக்காதே, இரண்டு போதும். உன் வீட்டு நிலவறையை நான் பார்த்தேன், வெந்நீர்க் குழாய் தலைக்கு மேலே ஓடுகிறது. குளிர்காலத்தில் வீடு சூடாக இருக்க அந்த அறையும் சூடாகும். பழைய வைனுக்கு வேண்டியது 12 முதல் 14 பாகை, இருட்டு, 70 வீதம் அளவு ஈரம், ஆட்டம் இல்லாத தரை. இவற்றில் சூடு ஏறி இறங்குவதுதான் மோசம். வைன் விரிந்து சுருங்க, தக்கை வழியாகக் காற்று உள்ளே போகிறது. கொஞ்சம் கூடுதலான சூடு, ஆனால் ஒரே சூடு என்றால் வைன் கொஞ்சம் வேகமாக முதிரும், அவ்வளவுதான். ஈரம் கூடினால் லேபிளில் பூஞ்சணம் பிடிக்கும். அது விற்கிறவர்களின் கவலை, நமக்கில்லை.

2003 ஓகஸ்ட் வெயிலில் ஐரோப்பா முழுவதும் வெந்தது. அப்போது நான் கந்தீனாவில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, இரவில் போய்ப் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி நான் அங்கே எதையோ ஒளித்து வைத்திருப்பதாக நினைத்தார். நல்ல வேளை, தொரினோவின் பழைய கட்டடங்களில் நிலவறை ஆழமாக இருக்கிறது. 19 பாகையைத் தாண்டவில்லை.

போன மாதம் ஆறையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். இந்தப் போத்தலின் பெயர் அல்பெய்சா, 1973இல் பரோலோ செய்கிற ரெனாத்தோ ராத்தி முயற்சி எடுத்து மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பழைய வடிவம். தோள் சரிவாக இருப்பதால், தக்கைக்குக் கீழே எத்தனை சென்ரிமீற்றர் இறங்கியிருக்கிறது என்றுதான் அளக்க வேண்டும். ஐந்து போத்தலிலும் மூன்று சென்ரிமீற்றருக்குள்தான் இறங்கியிருக்கிறது. இந்த வயதுக்கு அது நல்ல நிலை. ஆறாவது ஆறு சென்ரிமீற்றர் இறங்கிவிட்டது. அதன் தகட்டு மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பும் இருக்கிறது. அதைத்தான் முதலில் திறக்க வேண்டும், அதுவும் எதையும் எதிர்பார்க்காமல்.

ரயிலில் இரண்டை எடுத்துப் போ. சுவிஸ் எல்லையில் 18 வீதத்துக்கு மேற்படாத மது ஆளுக்கு 5 லீற்றர் வரை தீர்வை இல்லை. பெறுமதிக்கான வரியை நீயே கேட்டுக்கொள். போய்ச் சேர்ந்ததும் திறந்துவிடாதே. பயணத்தில் மண்டி கலங்கியிருக்கும், மூன்று நான்கு கிழமை கிடக்கட்டும். திறக்கிற நாளுக்கு இரண்டு நாள் முன்பு நிமிர்த்தி வை.

திறப்பது எப்படி என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பழைய தக்கை சுருள் திறப்பானுக்கு நொறுங்கிவிடும். இரண்டு மெல்லிய தகடு உள்ள திறப்பான் ஒன்று கடையில் இருக்கும், அதை வாங்கு. தக்கையின் இரு பக்கமும் தகடுகளை மாறி மாறி அசைத்து இறக்கி, திருகிக்கொண்டே மேலே இழு. காலையில் திற. ஒரு விரலளவு ஊற்றி மணந்து பார். ஈரக் காகித அட்டை, பூசணம் பிடித்த அலுமாரி மாதிரி மணம் வந்தால், அது தக்கை நோய். தக்கையில் உண்டாகிற ஒரு பொருள், லீற்றருக்குச் சில நானோகிராம் போதும், வைனின் வாசனையையே அடித்துவிடும். உடம்புக்குக் கெடுதி இல்லை, வைனுக்குத்தான் சாவு. காத்திருந்தாலும் போகாது. உணவகத்தில் முதலாளி என்னை மேசைப் பக்கம் கொண்டுவந்ததற்குக் காரணமே இந்த மணத்தை நான் அவருக்கு முன்பே பிடித்ததுதான். மிளகாய்த்தூள் வறுத்துப் பழகிய மூக்கு, வேறென்ன.

அந்த மணம் இல்லையென்றால், தக்கையைப் போடாமல் போத்தலைக் குளிரான இடத்தில் அப்படியே மாலை வரை விடு. அகலமான கண்ணாடிச் சாடியில் கொட்டிக் குலுக்குகிற வேலை இளம் வைனுக்கு. வயதானதற்கு அவ்வளவு காற்று ஒரேயடியாகக் கூடாது. பரிமாறும்போது 16 முதல் 18 பாகை இருந்தால் போதும். சாய்த்த போத்தலை நிமிர்த்தாமல் மெதுவாக எல்லோருக்கும் ஊற்று. மண்டியின் கறுப்பு கழுத்துக்கு வந்ததும் நிறுத்து.

பிறகு அவசரப்படாதே. முதல் கால் மணித்தியாலம் அது ஒன்றும் பேசாது. தூசி, பழைய தோல், கொஞ்சம் இரும்பு, அவ்வளவுதான். பிறகுதான் காய்ந்த ரோஜா வரும், தார் வரும், அதிமதுரம் வரும். எனக்கு எப்போதும் கடைசியில் வருவது புகையிலை. அம்மப்பாவின் கொட்டிலில் இலைகளைப் புகை போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கும்போது அடிக்கிற அதே கனத்த இனிப்பு மணம். உனக்கு அது தெரியாது, நீ அந்தக் கொட்டிலைப் பார்த்ததில்லை. உனக்கு வேறு ஏதாவது வரும். புத்தகத்தில் எழுதியது வரவில்லையே என்று தேடிக்கொண்டிருக்காதே. அதிகம் பழச் சுவையை எதிர்பார்த்தால்தான் ஏமாற்றம்.

நீ இத்தாலி நண்பர்களோடு குடித்தால் சின்னப் பீப்பாயா, பெரிய பீப்பாயா என்ற சண்டை வரலாம். பழைய ஆட்கள் பெரிய மரப் பீப்பாயில் பல வருடம் வைத்தார்கள். 80களில் இளையவர்கள் 225 லீற்றர் பிரெஞ்சுப் பீப்பாய்க்கு மாறினார்கள். அவர்களில் ஒருவரான எலியோ ஆல்த்தாரே 1983இல் சங்கிலி வாளால் தகப்பனின் பெரிய பீப்பாய்களை அறுத்தார். தகப்பன் அவரைச் சொத்திலிருந்து விலக்கிவிட்டார். மறுபக்கம் பழைய வழியை விடாத பார்த்தோலோ மஸ்கரெல்லோ, சின்னப் பீப்பாயும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று லேபிளிலேயே எழுதினார். இப்போது இரண்டு பக்கமும் நடுவுக்கு வந்துவிட்டன. நம் போத்தல் பெரிய பீப்பாய் வைன். பெரிய பீப்பாய்தான் எனக்குப் பிடிக்கும், அதில் மரத்தின் வனிலா மணம் குறுக்கே வராது. ஆனால் பிள்ளை பீப்பாயை அறுத்தான் என்பதற்காகச் சொத்தை எழுதாமல் விடுவதா? அந்தத் தகப்பனை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. அப்பா புரிகிறது என்கிறார்.

சாப்பாட்டுக்கு, தயவுசெய்து ஆட்டிறைச்சிக் கறி வைக்காதே. உறைப்பும் துவர்ப்பும் மதுவும் சேர்ந்தால் வாய் எரிகிறதே தவிர இரண்டின் சுவையும் தெரியாது. இங்கே மாட்டை பரோலோவிலேயே ஊறவைத்துச் சமைப்பார்கள், நம் வீட்டில் அது இல்லை. காளான் ரிசொத்தோ செய், வெண்ணெயைத் தாராளமாகப் போடு. முடிவில் கஸ்தெல்மாஞ்ஞோ பாற்கட்டி ஒரு துண்டு, குனியோ மலைப்பக்கத்தது. நான் வாங்கித் தருகிறேன். கறி மறுநாள்.

மற்ற நாலும் இங்கேயே இருக்கட்டும். கசிகிற அந்தப் போத்தலை வருகிற ஞாயிறு நானும் அப்பாவும் திறக்கிறோம். எப்படி இருக்கிறது என்று உண்மையை எழுதுகிறேன். புளித்திருந்தால் சலாட்டுக்கு வினாகிரி. நன்றாக இருந்தால், உன் முப்பதாவது பிறந்தநாளுக்கு வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வா, ஒன்றல்ல இரண்டு திறப்போம். கடைசி ஒன்றை எப்போது திறப்பது என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்யுங்கள். ஆனால் பத்து வருடம் என்று தள்ளாதே. 96 தாங்கும், அந்தத் தக்கை தாங்குமா என்று எனக்குச் சந்தேகம்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: திறப்பானை நீயே வாங்கு. அப்பா வாங்கினால் மலிவானதை வாங்கி வருவார், தகடு வளைந்துவிடும்.