பயிர் நோயியல் வல்லுநர்கள் டெல்டாவுக்குத் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் நாளிதழ்களில் வெளியாகும் மேற்படிப்பு வழிகாட்டிகளில் வேளாண்மைப் படிப்புக்கும் ஓரிடம் கிடைக்கிறது. ஆயினும், அதற்குள் பயிர் நோயியல் என்றொரு துறை உண்டு என்பது டெல்டா மாவட்டப் பெற்றோர் பலருக்கே தெரிவதில்லை. நான்காண்டு இளநிலை, இரண்டாண்டு முதுநிலை, அதற்கு மேல் முனைவர் பட்டம் என நெடுங்காலம் படித்தவரே இத்துறையில் விஞ்ஞானியாகிறார்.

அவருடைய வேலை எதற்கு உதவும் என்பதற்குச் சம்பா வயலே சான்று. கார்த்திகையில் காற்றுடன் மழை பெய்து ஓய்ந்தபின், இலையின் ஓரம் நுனியிலிருந்து அலையலையாக மஞ்சளித்து வைக்கோல் நிறத்தில் கருகும். மருந்துக் கடையில் சொன்னால், பெரும்பாலும் குலைநோய் என்னும் பூஞ்சாண நோய்க்கான மருந்தைத்தான் எடுத்துத் தருகிறார்கள். கருகிய பகுதியை ஒட்டிய இலைத்துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து பால் போன்ற கசிவு இறங்குவதைச் சிறிது நேரத்தில் காணலாம். அது பாக்டீரியா இலைக்கருகல். பூஞ்சாண மருந்துக்குக் கட்டுப்படாது. யூரியா மேலுரத்தை நிறுத்திவைத்து, தேங்கிய நீரை வடிப்பதே அப்போது முதல் வேலை. இந்த எளிய சோதனையைக் கற்றுத்தர ஆளில்லாததால் வீணாகும் மருந்துச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

குலைநோய் நமக்குப் புதியதன்று. 1919-இல் தஞ்சைப் பகுதியில் அது கொள்ளைநோயாகவே பரவியது. நூறாண்டு கடந்தும் ஆராய்ச்சி முடியாததற்கு விஞ்ஞானிகளின் மெத்தனம் காரணமல்ல. அந்தப் பூஞ்சாணத்தில் பல இனங்கள் உண்டு; எதிர்ப்புத் திறனுடன் வெளியிடப்படும் நெல் ரகமும் சில ஆண்டுகளில் அதற்குப் பணிந்துவிடுவதுண்டு. அத்துடன், பனியும் ஈரமும் கூடிவரும் பருவத்தில்தான் நோய் தலைகாட்டும் என்பதால், ஒரு சோதனையின் முடிவை உறுதிசெய்யவே பல சம்பாக்கள் காத்திருக்க வேண்டும். தென்னையில் நிலைமை இன்னும் கடினம். நம் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய தஞ்சாவூர் வாடல் நோய், வேர்வழியே ஏறி மரத்தை மெல்லக் கொல்வது. அதற்கான சிகிச்சையின் பலனை ஓரிரு ஆண்டுகளில் கணித்துவிட முடியாது. இத்தகைய ஆய்வில் இருப்பவரை நடுவழியில் வேறு ஊருக்கு மாற்றினால், வருபவர் முதலிலிருந்து தொடங்க நேரிடும். பதவி உயர்வும் இடமாற்றமும் தவிர்க்க இயலாதவையே. எனினும், கையிலுள்ள சோதனை முடியும்வரை பொறுப்பது அரசுக்குப் பெரிய சுமையாகாது என்பது என் கருத்து.

ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. வாழைக்குத் திருச்சியில் தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆனால் பேராவூரணியிலோ வேதாரண்யத்திலோ உள்ள விவசாயி, நோய்கண்ட ஓர் இலைக்காக அவ்வளவு தூரம் பேருந்தேறுவது நடக்காத காரியம். எனவே, சம்பா, தாளடிப் பருவங்களிலாவது வாரத்தில் ஒருநாள், நுண்ணோக்கியுடன் ஒரு பயிர் நோயியல் வல்லுநரை ஒவ்வொரு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் அமர்த்த வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த நாளையும் நேரத்தையும் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வெளியிட்டு உதவவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.