அசரியாவுக்கு அப்போது வயது 28

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்றைய வாலிபரிடம் விசுவாசம் இல்லை, சபையில் முழு உறுப்பினராகிற திடப்படுத்தல் ஆராதனையோடு ஆலயத்துக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு முடிந்துவிடுகிறது, கையில் போன் இருந்தால் போதும் என்று இருக்கிறார்கள் என வருத்தப்பட்டு ஒரு பெரியவர் எழுதிய கடிதம் அண்மையில் உங்கள் நாளிதழில் வந்திருந்தது. அவருடைய வருத்தத்தை மதிக்கிறேன். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் பழியை முழுக்கப் பிள்ளைகள் மேலேயே போட்டுவிட்டாரே, அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பல வருடங்களாக ஓய்வுநாள் பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலும் பிள்ளைகளோடு இருப்பவள் நான். இந்தப் பிள்ளைகளுக்குக் கடவுள்மேல் பற்று இல்லை என்று யாராவது சொன்னால் மனசு கேட்பதில்லை. அவர்களை நம்பி ஒரு பொறுப்பையும் கொடுக்காமல், பாஸ் ஆகிவிடுவாய், வேலை கிடைத்துவிடும் என்பதைத் தாண்டி ஒரு நம்பிக்கையையும் சொல்லிக்கொடுக்காமல், அப்புறம் ஏன் நிலைத்து நிற்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் வெள்ளாளன்விளை என்று ஒரு ஊர் இருக்கிறது. 1874 ஆகஸ்ட் 17 அன்று அங்கே ஊர் ஐயரின், அதாவது சபைக் குருவானவரின், மகனாகப் பிறந்தவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா. மகன் பதின்ம வயதில் இருக்கும்போதே தகப்பனார் காலமாகிவிட்டார், தாயார்தான் கண்டிப்பும் ஜெபமுமாக வளர்த்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி வரைக்கும் போய்ப் படித்த அசரியா, கடைசித் தேர்வு சமயத்தில் உடம்புக்கு முடியாமல் போனதால் பட்டம் வாங்கவில்லை. இன்றைக்கு நம் வீட்டுப் பையன் ஒருவன் பட்டம் இல்லாமல் ஊர் திரும்பினால் ஆலய வாசலில் என்னென்ன பேசுவோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அசரியா 1895-இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராகச் சேர்ந்து தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய் வாலிபர்களைச் சந்தித்தார். 1902-இல் யாழ்ப்பாணம் போனவர், அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். அவர்களால் முடிகிறது, இத்தனை பெரிய திருநெல்வேலி சபையால் ஏன் முடியவில்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த வருடம், 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. அசரியாவுக்கு அப்போது வயது 28. வெள்ளைக்காரரின் பணமும் மேற்பார்வையும் இல்லாமல் ஊழியம் ஓடாது என்று நம்மவர்களே நம்பிய காலம் அது. பனையேறுகிறவர்களும் சிறு விவசாயிகளும் நிறைந்த சபைகளிடம் போய், நம் ஆட்கள், நம் காணிக்கை, நம் நிர்வாகம், இதை வைத்தே செய்வோம் என்று கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! கேட்டார், அந்தச் சபைகளும் கொடுத்தன. நிஜாம் ஆண்ட ஹைதராபாத் சமஸ்தானத்தில், மொழி தெரியாத தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்கள் போனார்கள். மற்றவர்களை அனுப்பிவிட்டுச் சென்னையில் வசதியாக உட்கார்ந்துகொள்ள அசரியாவுக்கு மனசு வரவில்லை. 1909-இல் குருப்பட்டம் பெற்று, தெலுங்கு படித்து, அவரும் அங்கேயே போனார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அபிஷேகம் பண்ணப்பட்டு ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அதெல்லாம் நம்மவர்களுக்குத் தெரியும். ஆலயத்தில் படம் மாட்டியிருக்கிறோம், நினைவு நாள் கொண்டாடுகிறோம். பேராயர் அசரியாவைக் கொண்டாடுகிற நாம், 28 வயது இளைஞன் ஒருவன் இன்றைக்குச் சேகர கமிட்டியில், அதாவது ஒரு ஐயரின் பொறுப்பில் உள்ள சபைகளின் நிர்வாகக் குழுவில், எழுந்து, ‘ஐயா, இதை நாங்களே செய்கிறோம்’ என்று சொன்னால் என்ன செய்வோம்? உட்காரு தம்பி, பெரியவங்க பேசிட்டு இருக்கோம்ல என்போம். இதை எத்தனையோ கூட்டங்களில் என் காதால் கேட்டிருக்கிறேன்.

அசரியாவின் ஊழியத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தோர்ணக்கல் கிராமங்களில் ஞானஸ்நானம் பெறுகிறவர்களிடம் அவரவர் கையைத் தலையில் வைக்கச் சொல்லி, நான் சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லச் சொல்வாராம். அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்க வழியில்லாமல், சாதியின் பேரால் ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டிருந்தவர்கள். அவர்களிடம் போய், நீ இன்னும் பத்து வருடம் கேட்டுக்கொண்டே இரு, அப்புறம் பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை. ஞானஸ்நானம் பெற்ற அன்றைக்கே பொறுப்பையும் கொடுத்தார். நம் பிள்ளைகள் திடப்படுத்தலுக்கு வெள்ளை உடுப்பு போட்டு நிற்கிறார்கள், போட்டோ எடுக்கிறோம், வீட்டில் பிரியாணி. மறுநாளிலிருந்து சபையில் அவர்களுக்கு என்ன வேலை? நாற்காலி போடுவது, ஸ்பீக்கர் கட்டுவது, கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் மாட்டுவது. அவையும் வேண்டிய வேலைகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மனுஷனுடைய துக்கத்தைச் சுமக்கிற வேலையையோ, ஒரு ரூபாய்க்குக் கணக்குச் சொல்லவேண்டிய வேலையையோ நாம் கொடுப்பதே இல்லை.

இனி நம்பிக்கை விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருடத்துக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை கொடுக்கிறோம். எரேமியா 29:11 எத்தனை வீடுகளில் சுவரில் தொங்குகிறது! ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ அருமையான வசனம், நானும் கண்ணீரோடு பிடித்துக்கொண்ட வசனம். ஆனால் அதற்கு முந்தின வசனத்தை யாரும் அட்டையில் அடிப்பதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பிறகு உங்களைச் சந்திப்பேன் என்கிறது அது. சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டு, ஊரும் ஆலயமும் எட்டாத தூரத்தில் இருந்த ஜனங்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அல்லவா அது! சீக்கிரம் திரும்பிவிடுவீர்கள் என்று ஆறுதல் சொன்ன தீர்க்கதரிசிகளைப் பொய்யர் என்கிறார் அவர். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எழுதுகிறார். அந்தச் சிறையிருப்பில் போன வாலிபர்கள்தான் தானியேலும் அவன் நண்பர்களும். ராஜா நிறுத்தின சிலையை வணங்க மறுத்து, எரிகிற சூளைக்கு முன்னால் நின்ற அந்த நண்பர்கள் மூன்று பேரும் எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொன்னதோடு நிறுத்தவில்லை, ‘விடுவிக்காமற்போனாலும்’ என்று அடுத்த வார்த்தையையும் சொன்னார்கள். நம் வாலிபர் முகாம்களில் முதல் பாதிக்கு அல்லேலூயா சொல்கிறோம், இரண்டாம் பாதிக்கு வரும்போது நேரமாகிவிடுகிறது.

இதனால் என்ன ஆகிறது என்றால், நீட் எழுதுகிற பிள்ளைக்கும் அரியர் வைத்திருக்கிற பையனுக்கும் டிஎன்பிஎஸ்சி தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதுகிற பெண்ணுக்கும், கடவுள் என்றால் ரிசல்ட் தருகிறவர் என்றே மனசில் பதிந்துவிடுகிறது. ஸ்தோத்திரப் பண்டிகையில் சாட்சி சொல்ல மேடை ஏறுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். வேலை கிடைத்தவர், விசா வந்தவர், வீடு கட்டி முடித்தவர். எல்லோருக்காகவும் சந்தோஷப்படுகிறேன். ஆனால் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற, இந்த வருடமும் ஒன்றும் கிடைக்காத பிள்ளை, அடுத்த வருடம் கடைசி பெஞ்சுக்குப் போகிறது, அதற்கடுத்த வருடம் வருவதில்லை. உடனே பின்மாற்றம், விசுவாசத்தை விட்டு விலகிவிட்டது, என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஒன்றும் கிடைக்காமலே இரண்டு மூன்று வருடம் வந்து உட்கார்ந்து பாட்டுப் பாடினதே அந்தப் பிள்ளை, அது விசுவாசம் இல்லையா? அதை ஏன் யாரும் சாட்சி என்று சொல்வதில்லை?

பிள்ளைகளால் முடியும் என்பதை எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது, தாமிரபரணிக் கரையோர ஊர்களில் வீட்டுக்குள் ஆறு ஓடியது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ரயிலோடு மாட்டிக்கொண்டார்கள். வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போகிற கேரல் ரவுண்ட்ஸுக்கு டிரம்மும் கிட்டாருமாகத் தயாராகிக்கொண்டிருந்த பையன்கள், கரன்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை, ஆலய விருந்தான அசனத்துக்கு வைத்திருந்த பெரிய பாத்திரங்களை இறக்கி அடுப்பு மூட்டிவிட்டார்கள். பொங்கிய சோற்றைப் பொட்டலம் கட்டி இடுப்பளவு தண்ணீரில் தலையில் சுமந்து போனார்கள். எந்தத் தெரு, எந்த மதம், எந்தச் சாதி என்று ஒரு கேள்வி கிடையாது. அதில் ஒருவன் வருடக்கணக்கில் ஆலயத்துப் பக்கமே தலைகாட்டாதவன். அவனைப் பற்றி நாங்கள் எவ்வளவோ பேசியிருந்தோம். தண்ணீருக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பாட்டியைத் தோளில் தூக்கி வந்தது அவன்தான். அப்புறம் தவறாமல் ஆலயத்துக்கு வர ஆரம்பித்துவிட்டானா என்று கேட்டால், இல்லை, எப்போதாவது வருகிறான். ஆனால் வந்தால் ஆராதனை முடிந்ததும் ஓடாமல் நின்று, இந்த வாரம் யார் வீட்டுக்காவது போகணுமா டீச்சர் என்று கேட்கிறான். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

தண்ணீர் வடிந்ததும் அந்தப் பொறுப்பையும் சேர்த்து வடியவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம். அடுத்த மாதமே பழையபடி நாற்காலி, ஸ்பீக்கர்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. பிள்ளைகள் நம்மைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஞாயிறு காலை ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை சபைத் தேர்தல் வழக்குக்காக நீதிமன்றப் படியேறுகிற பெரியவர்களைப் பார்க்கிறார்கள். வரதட்சணை வேண்டாம் என்று சொல்லத் துணிந்த மகனை, நம்ம குடும்ப மானத்தை வாங்கிட்டியே என்று திட்டுகிற பெற்றோர் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதையும் பார்க்கிறார்கள். ‘உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு’ என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின வசனத்தை வாலிபர் ஞாயிறு பேனரில் பெரிய எழுத்தில் போடுகிறோம். வார்த்தையிலும் நடக்கையிலும் மாதிரியாயிரு என்று முடிகிற அந்த வசனத்தின்படி ஒரு பையன் நிஜமாகவே நடந்து, நகையும் காரும் வேண்டாம், பெண் போதும் என்று சொன்னால், அவன் பக்கத்தில் முதலில் போய் நிற்கவேண்டியது சபை. தம்பி தங்கைகளுக்கும் சொல்கிறேன், முகாமில் கண்ணீர் விட்டு ஒப்புக்கொடுப்பதைவிட, வீட்டு வரவேற்பறையில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கூடுதல் பெலன் வேண்டும். அதைக் கேளுங்கள், கர்த்தர் தருவார்.

அதனால் சேகரங்களுக்கு என் வேண்டுகோள் பெரியது ஒன்றும் இல்லை. படுத்த படுக்கையாய் இருக்கிற பெரியவர்களைச் சந்திக்கிற வேலையை ஐயரும் உபதேசியாரும் மட்டும் சுமக்கவேண்டாம், வாலிபரிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்குகிற காணிக்கையை யாருக்குக் கொடுப்பது என்று அவர்களையே விசாரித்து முடிவு பண்ணச் சொல்லி, கணக்கையும் அவர்களிடமே கேளுங்கள், தப்பு வந்தால் சொல்லிக்கொடுங்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள், கப்பலில் போனவர்கள், வளைகுடாவில் இருப்பவர்கள், இவர்களுக்கு மாதம் ஒரு தடவை போன் போட்டு ஜெபக்குறிப்பு கேட்க ஊரிலிருக்கிற வாலிபர்களில் ஆளுக்கொருவரை ஏற்படுத்துங்கள். காசு செலவே இல்லாத காரியங்கள் இவை.

வருகிற டிசம்பர் 31 இரவு சாட்சி நேரத்தில், நான்கு வருடமாகத் தேர்வு எழுதியும் இன்னும் வேலை கிடைக்காத ஒரு பெண்பிள்ளையைப் பேச விடும்படி எங்கள் ஐயரிடம் கேட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சம்மதமானால் தனக்கும் சம்மதம் என்றார். அவளும் சரி என்று சொல்லியிருக்கிறாள். மற்ற சேகரங்களிலும் இப்படி ஒருவரைக் கேட்டுப் பார்க்கும்படி உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்