முந்தி வந்த செயற்கைக்கோள்

ரோஸ்ஹில், மொரீசியஸ்

அன்புள்ள குமரேசன்,

டர்பனிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம். காற்று தடுக்கிறது என்றால் செயற்கைக்கோள் பிந்தித்தானே வரவேண்டும், அது எப்படி முந்தி வந்தது என்று கேட்டிருந்தாய். ஒரு வாரமாக என் மனத்தில் இதே கேள்விதான்.

சென்ற வியாழன் இரவு, ஐந்து நாள் பழைய பாதைத் தரவுகளை செயற்கைக்கோள் எப்போது எங்கே இருக்கும் என்று கணிக்கும் எஸ்ஜிபி4 நிரலுக்குக் கொடுத்து நேரம் கணித்துக்கொண்டு, ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும் யாகி ஆன்டெனாவுடன் மொட்டைமாடியில் நின்றேன். நான் எதிர்பார்த்தது 437 மெகாஹெர்ட்ஸில் பேசும் ஒரு கியூப்சாட், கனசதுரப் பெட்டி போன்ற சிறிய செயற்கைக்கோள். நெருங்கி வரும்போது ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் கூடியிருந்த அதிர்வெண், தலைக்கு மேல் கடக்கையில் சரசரவென்று இறங்கியது. அந்தச் சரிவின் நடுப்புள்ளிதான் அது நமக்கு மிக அருகில் வந்த கணம். கணிப்புக்கு 4 வினாடி முன்னதாகவே அது வந்துவிட்டது, வினாடிக்கு 7.7 கிலோமீட்டர் ஓடும் பொருளுக்கு அது 30 கிலோமீட்டர்.

காற்றுத்தடை ஆற்றலைத் தின்கிறது. ஆற்றல் குறையப் பாதை தாழ்கிறது. தாழ்ந்த பாதையிலோ வேகம் கூடிச் சுற்றும் தூரமும் குறைந்துவிடுகிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே ஒரு மீட்டர் தாழ்ந்தாலும் சுற்றுக்கு 9 மீட்டருக்கு மேல் முந்தும். நாளொன்றுக்குப் பதினைந்தரைச் சுற்று என்றால் சுமார் 145 மீட்டர். தாழ்வது நிற்பதுமில்லை.

பூமியின் ஈர்ப்பை நன்றாக அளந்துவைத்திருக்கிறோம். மேல்வளியின், அதாவது அந்த உயரத்துக் காற்றின், அடர்த்திதான் சூரியனின் பிடியில் மாறிக்கொண்டே இருக்கிறது; தடையைக் கணிப்பது பிசகுவது அதனால்தான். 2022 பிப்ரவரியில் காந்தப்புயல் அதைச் சூடாக்கியதால், புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை விழுந்தன. 2021 ஜூனில் விண்வெளி நிலையத்திலிருந்து வெளிவந்த நம் மொரீசியஸின் முதல் செயற்கைக்கோளான மிர்-சாட்1 அடுத்த ஆண்டே எரிந்துபோனபோது நான் வருந்தியது உனக்குத் தெரியும்.

ஆகவே காற்றுத்தடையின் அளவைச் சொல்லும் தடைக் கெழுவையும் தெரியாத எண்ணாக வைத்து, கணிதமேதை காஸ் வளர்த்தெடுத்த மீச்சிறு வர்க்க முறையால், அதாவது பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி, தேடுகிறேன். செயற்கைக்கோள் வானில் கடந்துபோகும் ஒரே ஒரு கடப்பு போதாது: 4 வினாடி முந்தியது தொடக்க நிலையில் இருந்த பிழையாலா, தடையில் இருந்த பிழையாலா என்று அது பிரித்துச் சொல்லாது. பல நாள் கடப்புகளைச் சேர்த்துப் பார்த்தால்தான், நேர்கோடாக வளரும் தொடக்கநிலைப் பிழையும் நாட்களின் வர்க்கமாக வளரும் தடைப் பிழையும் தனித்தனியே தெரியும்.

நீயும் அங்கிருந்து பதிவு செய்து அனுப்பினால் பெரிய உதவி. கணினிக் கடிகாரத்தை மட்டும் முதலில் ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்துவைத்துக்கொள். ஒரு வினாடி பிசகினாலும் நம் கணக்கில் செயற்கைக்கோள் ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும்.

அன்புடன்,
செல்வம்